மகாராசன் யாரைக் கேட்டு நடந்தார்?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி ஒருநாள் எல்லோரும் போனபிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, சர்ச்சுல எனக்கு ஒரு பேரு, சர்டிபிகேட்ல வேற பேரு. காலேஜ்ல யாராவது கேட்டா நான் எந்த மதம்னு சொல்றது?"

சேரியில் வேலை செய்கிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை "சலுகைக்காகப் போடும் வேஷம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த ஊரில் பறையர் சமூகத்தைச் சேர்ந்த மகாராசன் என்பவர் 1799 வாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. அந்தப் பயணத்தின்போது தஞ்சாவூரில் கோலாஃப் என்ற போதகரின் பிரசங்கத்தைக் கேட்டார். அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். மகாராசன் தஞ்சாவூருக்குப் போனபோது மயிலாடிக்கு எந்த மிஷனரியும் வந்திருக்கவில்லை. யாரும் அவர் வீட்டுக்கு அரிசியோ பணமோ கொண்டுவந்து கொடுக்கவில்லை. போனவர் அவர், கேட்டவர் அவர், முடிவெடுத்தவரும் அவர். ஊருக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று பிறகு கேட்டுக்கொண்டவரும் அவரே. ரிங்கல்தோபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தது 1806இல்தான், அதாவது ஏழு ஆண்டுகள் கழித்து.

அந்த முடிவுக்கு விலை இருந்தது. நிலமும் அதிகாரமும் வைத்திருந்த மேல்சாதியினர் அவரையும் அவரோடு சேர்ந்தவர்களையும் துன்புறுத்தினார்கள். ஊரையே விட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. ஒரு சிறு ஆலயம் கட்டக்கூட சமஸ்தான அதிகாரிகள் எளிதில் அனுமதி தரவில்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலே தலையிட்ட பிறகே 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் திவான் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராகக் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டார். அந்நிய ஆட்சி வந்தால் சாதி ஒழுங்கு குலைந்துவிடும் என்ற அச்சமும் அதில் வெளிப்படையாக இருந்தது. பள்ளிப் பாடத்தில் விடுதலைப் போராட்டமாகப் படிக்கும் வரலாற்றின் இன்னொரு பக்கம் இது. சாதி ஒழுங்கைக் காப்பதும் நாட்டைக் காப்பதும் ஒன்றே என்று நினைத்தவர்களின் பார்வையில் மயிலாடியின் சிறு சபை எப்படித் தெரிந்திருக்கும்?

கம்பெனியும் மிஷனரிகளும் தலித்துகளை மீட்க வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக்கு வரியும் வியாபாரமும்தான் முக்கியம். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் வந்த பிரகடனம் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையைத் தந்தது. அதற்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிப் பெண்கள் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் மேலிருந்து இறங்கி வரும்போது கடைசிப் படியில்தான் நம்மை வந்தடையும்.

இனி 1950க்கு வருவோம். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனசாட்சி சுதந்திரத்தையும், தன் மதத்தைக் கடைப்பிடிக்கும், பரப்பும் உரிமையையும் எல்லோருக்கும் தந்தது. அதே 1950, ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. பட்டியல் சாதிகளின் பெயர்களை அறிவித்த ஆணை அது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. ஆகஸ்ட் 10ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

இந்தப் பத்தி தெருவில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சூசை வழக்கு காட்டியது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982இல் சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தொழில், அதே வெயில், அதே சாதி. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று 1985இல் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது.

ஆதாரம் இல்லையா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டதைப் படியுங்கள். தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. இதைச் சொல்லத் திருச்சபைக்குக் கூச்சம், ஒப்புக்கொள்ள அரசுக்கு மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் சூசை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2022இல் இதே கேள்வியை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

மதம் மாறினால் உரிமையை இழப்பாய் என்பது ஒரு தண்டனை. உனக்கு முடிவெடுக்கவே தெரியாது என்பது அதைவிடப் பெரிய அவமானம். அதைச் சட்டமாகவே எழுதியது நம் தமிழ்நாடு. 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறாராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். குழந்தை, பெண், தலித், பழங்குடி. ஐம்பது வயது தலித் ஆணும் முதுகலை படித்த பெண்ணும் சட்டத்தின் கண்ணில் சிறுபிள்ளையோடு ஒரே வரிசை. இதைப் பாதுகாப்பு என்றார்கள். வன்கொடுமையிலிருந்து காப்பது பாதுகாப்பு. சொந்தமாக யோசிப்பதிலிருந்து காப்பதற்குப் பெயர் வேறு.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. அடுத்த சில நாட்களிலேயே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்களின் குரலோடு வாக்கும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்தச் சட்டத்தின் சிந்தனை சாகவில்லை. 1967இல் ஒரிசாவில் தொடங்கிய இந்தவகைச் சட்டங்கள் இன்று பல மாநிலங்களில் உள்ளன. உத்தரப்பிரதேசத்தில் 2024 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அவற்றில் பலவற்றிலும் பெண், தலித், பழங்குடி என்ற அதே தனிப் பட்டியல் இருக்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை ஏதுமின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. என் மாணவியின் பயம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? ஒரு பக்கம் கிறிஸ்தவளானால் "ஆசைப்பட்டுப் போனாய்". மறுபக்கம் இந்து என்று சான்றிதழ் வாங்கினால் "மோசடி". அவள் எதை நம்புகிறாள் என்பதை அவளிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் தயாராக இல்லை.

மத சுதந்திரத்துக்கு அச்சுறுத்தல் என்றதும் உடைக்கப்பட்ட சிலுவையும் எரிக்கப்பட்ட ஆலயமும்தான் நினைவுக்கு வருகின்றன. 2008இல் கந்தமாலில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. ஆனால் நெருப்பு வைப்பவனுக்கும் சட்டம் எழுதுபவருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: தலித் தானாக எங்கும் போகமாட்டான், யாரோ அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று. அந்த நம்பிக்கைக்கு மறுப்பாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மயிலாடியிலிருந்து ஒருவர் நடந்திருக்கிறார். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, கடவுளையே நம்ப வேண்டியதில்லை. அந்த நடைக்கு இருந்த உரிமையை ஒப்புக்கொண்டால் போதும்.

அந்த மாணவிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "உங்க வீட்ல முதல்ல சர்ச்சுக்குப் போனது யாரு, ஏன் போனாங்கன்னு பாட்டிகிட்ட கேட்டுட்டு வா" என்றேன். அடுத்த வாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் அரிசியும் இல்லை, பணமும் இல்லை. பண்ணையார் வீட்டு வாசலில் நிற்க வைக்கப்பட்ட ஒரு பெண்ணும், அவளை உட்காரச் சொன்ன ஓர் இடமும் இருந்தன.

நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள், எழுதி வையுங்கள். சூசையின் வழக்கில் ஆதாரம் போதவில்லை என்றார்கள். இனி ஒரு வழக்கு வரும்போது அப்படிச் சொல்ல முடியாதபடி நம் கையில் இருக்கட்டும்.