அபராதம் ஒரு பவுண்டு, வாரக்கூலி எவ்வளவு?

நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்களின் கையைப் பார்த்தால் அம்மை குத்திய தழும்பு இருக்கும். எங்கள் தலைமுறையில் அது சாதாரணம். ஆனால் இங்கிலாந்தில் இதே ஊசி ஐம்பது வருடம் பெரிய வழக்காக நடந்தது.

1853 சட்டப்படி, பிறந்த குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தியாக வேண்டும். தவறினால் அபராதம் ஒரு பவுண்டு வரை, அதாவது 20 ஷில்லிங். குத்தினால் மட்டும் போதாது. எட்டாம் நாள் குழந்தையை மறுபடி தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அந்தக் கொப்புளத்திலிருந்தே பால் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு இரண்டு நாள் வேலை கெட்டது. 1867-க்குப் பிறகு ஒரே குழந்தைக்காகத் திரும்பத் திரும்ப அபராதம் போடவும் வழி வந்தது. கட்டாதவர் வீட்டுச் சாமான் ஜப்தி, இல்லாவிட்டால் சிறை. 1885-ல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள்.

அரசு 1889-ல் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஏழு வருடம் விசாரித்து, 1896-ல் அறிக்கை தந்தது. ஊசி பயன் தருகிறது, ஆனால் தொடர் அபராதம் வேண்டாம் என்றது. நியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. 1898 சட்டம் மனசாட்சிப்படி மறுப்பவருக்கு விலக்கு தந்தது. ஆனால் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் நின்று அவர்களை நம்ப வைக்க வேண்டும். படிக்காத தொழிலாளிக்கு இது லேசான காரியமா?

அந்த ஒரு பவுண்டின் கனம் 1904-ல் நடந்த வேறொரு அரசு விசாரணையில்தான் தெரிகிறது. வர்த்தக வாரியம் 1,944 நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டியது. வாரம் 25 ஷில்லிங்குக்குக் குறைவாக வந்த வீடுகளில் சராசரி வருமானம் 21 ஷில்லிங் சொச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பாட்டுக்கே போனது. வாடகை, கரி, துணி எல்லாம் மீதியில். ஆக, முழு அபராதம் என்றால் ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம்! வசதியுள்ளவருக்கோ அது சில்லறை. கட்டாயம் எல்லோருக்கும் ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

1907-ல் ஒரு எளிய உறுதிமொழியே போதும் என்றானது. விலக்குக் கேட்டவர்கள் பெருகினார்கள், குத்திக்கொண்ட குழந்தைகளின் விகிதம் இறங்கியது. நோய் கண்டவரை உடனே அறிவித்துத் தனிமைப்படுத்தும் முறையை லெஸ்டர் அதற்கு முன்பே கையாண்டு வந்தது.

அந்த 1,944 வீட்டுக் கணக்கை அடிப்படையாக வைத்துத்தான் 1914 விலைவாசிக் குறியீடு போட்டார்கள். நம் பஞ்சப்படிக் குறியீட்டுக்குத் தாத்தா மாதிரி. மாவும் சர்க்கரையும் வாங்கும் விதமே மாறிய பின்னும் 1947 வரை அதையே ஓட்டினார்கள். அடுத்த வருடமே, 1948-ல், கட்டாய அம்மை ஊசியும் போயிற்று.