மூக்கனேரித் திட்டும் வான் தீவும்

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியையும் தூத்துக்குடிக் கடலில் உள்ள வான் தீவையும் ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இரண்டும் மனிதர் கெடுத்து, பிறகு மனிதரே மீட்க இறங்கிய இடங்கள். மீட்ட வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீருக்குள் ஓர் அமைப்பை எழுப்பி, அதில் உயிர்கள் வந்து குடியேற வழிவிடுவது. ஆனால் ஏரிக்குச் சரியாக வந்த கணக்கு பவளப்பாறைக்கு வரவில்லை.

மூக்கனேரி சேர்வராயன் மலையடிவாரத்து ஏரி. சுமார் 58 ஏக்கர். 2010-இல் சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் முன்னின்று, ஊர்மக்கள் துணையோடு அதைத் தூர்வாரினார்கள். எடுத்த வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்தார்கள். அலையில் மண் கரையாதிருக்க ஓரங்களில் வெட்டிவேர், மேலே மரக்கன்றுகள். மழை பெய்து ஏரி நிரம்பியது. கன்றுகள் மரங்களாகிப் பறவைகளும் வந்தன. உழைத்தவர்கள் தங்கள் கண்ணாலேயே பலனைப் பார்த்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைத் திட்டில், அதாவது பாரில், 117 வகைப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. பாரைக் கட்டுவது மிகச் சிறிய உயிரி. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. அந்தத் தெம்பில் உயிரி சுண்ணாம்பைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. பாறைபோல் திரண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஆள் உயரப் பவளப்பாறை ஒன்று நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு.

அதைத்தான் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடக் கல்லாயிற்று, காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று. அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது பார்தான். அது போனதும் அலை நேராகத் தீவின் மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு கிடைத்ததே 2001-இல்தான்.

வான் தீவும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. 2015-க்குப் பின் அதன் கடல்புறத்தில் துளையிட்ட காங்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் சேர்ந்தது, இடுக்குகளில் மீன்கள் ஒதுங்கின. மனம் நிறையப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் 2016 கோடையில் கடல்நீர் சூடேறியபோது, வளைகுடா முழுவதும் பவளங்கள் தம்முள் இருந்த பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போயின. உணவில்லாமல் பல செத்தன. காங்கிரீட் அலையைத் தடுக்கும். சூட்டை எப்படித் தடுக்கும்?

மூக்கனேரியில் சாக்கடை கலந்தால் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கலாம், சண்டை போட்டு நிறுத்தலாம். பாரைச் சுடும் வெப்பத்துக்கு அப்படி ஒரு தெரு கிடையாது. உலகெங்கும் எரியும் நிலக்கரி போன்ற எரிபொருள்களிலிருந்து வரும் கரியமில வாயு பிடித்துவைக்கும் வெப்பம் அது. சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையமும் 1,440 மெகாவாட் திறனுக்கு நிலக்கரிதான் எரிக்கிறது. கடலுக்கும் நமக்கும் வெகுதூரம் என்று சேலத்துக்காரர் சொல்ல முடியாது.

கெட்டபின் மீட்கலாம் என்ற துணிச்சல் ஏரி தந்த வரம். தூர்வாரினால் அடுத்த மழை நிரப்பிவிடும். பாரை எந்த மழையும் நிரப்பாது. அதற்கு இருப்பதைக் காப்பதுதான் முதல் வேலை, மீட்பு அதற்கு அடுத்ததே.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகும் சேலம், நாமக்கல் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அழகுக்கு வைக்கப் பவளக்கல் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.