ஒரு கொக்கியின் வரலாறு

பையைத் தொங்கவிட்டுக் குத்துறது இன்னிக்கு நேத்து வந்த சமாச்சாரம் இல்லீங்க. ரோம்ல வில்லா ஜூலியான்னு ஒரு அருங்காட்சியகம். அங்கே கி.மு. 4ஆம் நூற்றாண்டு வெண்கலப் பெட்டி ஒண்ணு இருக்கு, பிகொரோனி பெட்டின்னு பேரு. அதுல செதுக்கின படத்துல ஒருத்தன் தொங்குற பையைக் குத்திப் பழகுறான். பக்கத்துல ஒரு கிழட்டு சிலேனஸ், அவனைக் கிண்டல் பண்ணி தன் தொப்பையையே குத்திக்கிட்டு நிக்குது. 2300 வருஷத்துக்கு முந்தின நக்கல் :-)

கிரேக்கர்கள் அந்தப் பையை கோரிகோஸ்னு சொன்னாங்க. உள்ளே தானியம், மாவு, மணல்னு ஏதாவது இருக்கும். கனமான பை, மெதுவாத்தான் ஆடும். அதுக்கு ஒரு கயிறே போதும்.

கயிறு பத்தாமப் போனது ரப்பர் வந்த பிறகு. சார்லஸ் குட்இயர் 1844ல வல்கனைஸ் பண்ண ரப்பருக்கு காப்புரிமை வாங்கினார். அப்புறம் காத்தடிச்ச பிளாடர், அதுக்கு மேல தோல் உறைன்னு இலேசான பைகள் வந்தன. அந்த நூற்றாண்டு முடியிறப்போ அமெரிக்காவுல இதைக் குத்திக் காட்டுறதே தனி மேடை நிகழ்ச்சியா ஆயிடுச்சு. தலைக்கு மேல மரப்பலகை, அதுக்குக் கீழே பேரிக்காய் மாதிரி பை.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு குத்துக்கு பை மூணு தடவை பலகையில மோதும்: எதிர்ப்பக்கம், நம்ம பக்கம், மறுபடி எதிர்ப்பக்கம். அப்புறம்தான் அடுத்த குத்து. நொடிக்கு ரெண்டு குத்துன்னா ஆறு மோதல். அத்தனைக்கும் வளைஞ்சு கொடுக்கிறது மேல இருக்கிற அந்தச் சின்ன சுவிவல்தான். எல்லாப் பக்கமும் ஆடணும், தன்னைத் தானே சுத்தவும் செய்யணும். நாய்ச் சங்கிலியில கழுத்துப் பக்கம் சுழலுற கண்ணி இருக்குமே, அதோட ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்கோங்க.

நம்ம பக்கம் குத்துச்சண்டைன்னாலே வடசென்னைதான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு பரம்பரைகள். துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் வளர்த்த விளையாட்டு. 1980ல முகமது அலியே மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினார். 2021ல பா. ரஞ்சித்தோட 'சார்பட்டா பரம்பரை' வந்தப்புறம் எங்க பேரையூர்ப் பசங்களுக்கும் ஆசை வந்திருக்கு. சித்தப்பா பையன் ஒருத்தன் ஸ்பீடு பேக் வாங்கி மாட்டிட்டு, "அண்ணே, எனக்குக் கை வரல, விட்டுடுறேன்"னான். போய்ப் பார்த்தா கை நல்லாத்தான் இருக்கு. சுவிவல்தான் ஒரு பக்கமா இழுக்குது, பை கோணலாத் திரும்பி வருது. இப்படி ஒரு இரும்புத் துண்டால எத்தனை பேர் தனக்கு ராசியில்லைன்னு ஒதுங்கியிருப்பானோ!

பழைய வகை, கிண்ணத்துக்குள்ள உருண்டை உட்கார்ந்து கீழே கொக்கி தொங்குறது. மலிவு, ஆனா தேய்ஞ்சா லொடலொடன்னு ஆடும். சங்கிலி வளையம் போட்டது அதைவிட மோசம், பை துள்ளும், சத்தம் காதைப் பிளக்கும். பேரிங் வச்சது வழுக்கிக்கிட்டு ஓடும், விலையும் கூட. புதுசா பழகுறவனுக்கு அந்த வேகம் முதல்ல பிடிபடாது. என்னைக் கேட்டா, தேயாத நல்ல உருண்டை வகையே ஆரம்பத்துக்குப் போதும்.

வாங்குறப்போ கையில பிடிச்சு நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்க, எங்கேயும் சிக்கக் கூடாது. நீளமும் முக்கியம். ரொம்பத் தாழ்வாத் தொங்கினா பையோட பருத்த இடம் பலகையில படாது, நுனிதான் இடிக்கும், தாளமே போயிடும். உயரத்தைப் பொறுத்தவரை பருத்த இடம் நம்ம வாய், தாடை மட்டத்துல இருக்கணும். பலகை அசையாம இருக்கணும், அது ஆடினா எந்த சுவிவல் போட்டும் புண்ணியமில்லை.

கிரீஸ் மட்டும் அப்பிடாதீங்க. எங்க ஊர் கரிசல் புழுதிக்கு ஒரே வாரத்துல களிம்பா இறுகிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டா போதும்.