சிறு முகில் தந்த அளவுகோல்

ஞாயிறு பால்வீதியின் நடுவிலோ அதனை அண்மியோ உள்ளதென்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் தகர்ந்த வரலாறு, பால்வீதிக்குத் துணையாய் உலவும் குறு உடுமண்டலமாகிய சிறிய மகெல்லன் முகிலிலே தொடங்குகிறது.

பெரு நாட்டில் எடுத்த அம்முகிலின் ஒளிப்படத் தட்டுக்களை, அமெரிக்காவின் ஹார்வாட் வானாராய்ச்சி நிலையத்தில் ஹென்றியெற்றா லெவிற் அம்மையார் ஆராய்ந்தார். அவர் செவிப்புலன் குன்றியவர். பெற்ற ஊதியமோ சொற்பம். ஒளி கூடிக் குறையும் 25 உடுக்களை ஒப்பிட்டு, ஒளி மிக்கவை மெதுவாகத் துடிக்கின்றன என்று கண்டார். இம்முடிவு 1912இல் வெளிவந்தது. அவை யாவும் ஒரே முகிலில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தமையாலன்றோ இவ்வொப்பீடு கைகூடியது! அண்மையும் சேய்மையும் கலந்து கிடக்கும் பால்வீதியினுள் இதனைக் காண்பது அரிதாயிருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

துடிப்பின் காலம் உண்மை ஒளியைக் காட்டும். அது தூரத்தைக் காட்டும். இவ்வழியை முதலாகக் கொண்டு ஹார்லோ ஷாப்ளி கோள உடுக்கொத்துக்களின் தூரங்களைக் கணித்து, ஞாயிறு நடுவில் இல்லையென 1918இல் எடுத்துரைத்தார். அவர் கண்ட தூரங்கள் மிகைப்பட்டவை. நாம் நடுவிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு விலகியுள்ளோம்.

அம்மையாரை நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்பிச் சுவீடிய கணித அறிஞர் மித்தாக் லெப்லர் 1925இல் அவருக்கே கடிதம் வரைந்தார். அவர் காலமாகி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.