வைத்தியரின் மேசையில் ஒரு தமிழ்க் கைநூல்

வயலில் பாம்பு தீண்டிய ஒருவரை மல்லாவிக்கோ, முழங்காவிலுக்கோ, நெடுங்கேணிக்கோ கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடமையிலுள்ள வைத்தியர் விரைந்து முடிவெடுக்க வேண்டும். இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகவே ஆக்கப்பட்டது. சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா எனப்படும் சிறு விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. அம்மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கவும் கூடும். ஆகவே தீண்டியது எது என்பது உயிர்நிலையான வினாவாகிறது.

உறவினரோ ‘புடையன்’ என்பார். தமிழ்நாட்டார் கண்ணாடி விரியன் என்பதையே எம்மவர் அவ்வாறு அழைப்பர். வைத்தியர் கற்றது ஆங்கிலத்தில். அவர் தென்னிலங்கையிலிருந்து நியமனம் பெற்றவராகவும் இருக்கலாம். ஊர்ச் சொல்லிலிருந்து நூற்சொல்லுக்குச் செல்லும் அந்தச் சிறு தொலைவில் பெறுமதியான நேரம் கழிந்துவிடுகிறது.

இத்தொலைவை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், பின்னர் தமிழையே போதனா மொழியாக்கினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என வரிசையாக நூல்கள் தமிழாயின. அவற்றுள் ‘வைத்தியாகரம்’ எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. அதன் மூலநூல், இங்கிலாந்து வைத்தியர்கள் கைக்கருகில் வைத்திருந்த ஹூப்பரின் ‘வாடி மீக்கம்’. ‘என்னுடன் வா’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர் அது. தனித்து நிற்கும் வைத்தியனுடன் கூடவே செல்லும் நூல் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கிறீன் கலைச்சொற் தொகுதிகளையும் ஆக்கினார். 1873இல் தாயகம் திரும்பிய பின்பும், 1884இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

அவருக்குப் பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே மீண்டது. அதனால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் போர்க்காலத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஆண்டுக்கணக்கில் பொது மின்சாரமும் தொலைபேசித் தொடர்புமின்றிக் கிடந்தபோது, வைத்தியருக்கு எஞ்சிய துணைகள் நினைவும் அச்சுநூலுமே என்பதை மறக்கலாகாது.

இன்று கைத்தொலைபேசி உண்டு. பாம்புக்கடிச் சிகிச்சைக்கென இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி உண்டு. இருப்பினும் கைநூலின் தேவை குறைந்துவிடவில்லை. மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் வன்னியில் அதை அறிய எந்த வைத்தியருக்கும் நூல் தேவைப்பட்டிராது. 2016க்கு முன் உள்ளூரில் தொற்றிய இறுதி நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதன் விளைவாக, அந்நோயை ஒருமுறையேனும் காணாத வைத்தியத் தலைமுறை ஒன்று உருவாகியுள்ளது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலுடன் திரும்பும் ஒருவரிடம் ‘எங்கே போய் வந்தீர்கள்?’ என்று கேட்க வேண்டுமென அவர்களுக்கு நினைவூட்டுவது யார்? நோய் ஒழிந்த இடத்தில்தான் அதைப் பற்றிய குறிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தகவல் மலிந்திருப்பது வேறு, வேண்டிய கணத்தில் கிடைப்பது வேறு. வன்னிக்கான எந்தக் கைநூலும், அது தாளில் இருந்தாலென்ன, திரையில் இருந்தாலென்ன, நோயாளி சொல்லும் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். ‘புடையன்’ என்று தேடினால் உரிய பக்கம் திறக்க வேண்டும். கிறீன் இட்ட பாதை அதுதான். அதைத் தொடரும் கடமை எம்முடையது.