ஏரிகளின் நலிவு: சென்னையின் மேற்குப் புறநகர்

மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு உதவிய ஊர் ஏரிகள், நீர்வரத்தும் கொள்ளளவும் பராமரிப்பும் குன்றிப் பயன் இழப்பது ஏரிகளின் நலிவு எனப்படும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்றே சொல்வார்கள். அதிலிருந்து 1997இல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடி, பூந்தமல்லி, வெள்ளானூர் பகுதிகளிலும், 2018இல் அம்மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறிய அம்பத்தூரிலும் இந்த நலிவின் ஒவ்வொரு கட்டத்தையும் காணலாம்.

அமைப்பு

ஏரி தனித்து நிற்பதில்லை. மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக்கால் வழியே ஏரிக்கு வரும். மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்குச் செல்லும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் ரெட்டேரி ஆகியவை இப்படிப்பட்ட தொடர். ஒரு கால்வாய் அடைபட்டால் கீழ் ஏரி வறளும், மேல் ஊர் மூழ்கும்.

பழைய பராமரிப்பு

ஏரியைக் காப்பது ஊரின் கடமையாக இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையில் ஏரி வாரியம் இயங்கியதைச் சொல்கின்றன. பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. கோடையில் குடிமராமத்து நடக்கும்: ஊரார் கூடி வண்டலை வெட்டிக் கரைக்கும் வயலுக்கும் போடுவார்கள். வண்டல் வயலுக்கு உரமானது; ஏரிக்கு ஆழம் திரும்பியது. மதகைத் திறந்து முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் பங்கு உண்டு. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுக் கிராமங்களில் நடத்திய கணக்கெடுப்பிலும், விளைச்சலில் ஏரிக்குத் தனிப்பங்கு ஒதுக்கியதற்குச் சான்று உள்ளது.

நலிவின் தொடக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி நிலவரியை இறுக்கியபோது, ஏரிக்கென ஊர் வைத்திருந்த பங்கும் மானியங்களும் சுருங்கின. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி வாங்கியதால், ஊர் என்ற பொது அமைப்பு வலுவிழந்தது. ஏரி வேலைக்கு ஆள் திரட்ட 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே நலிவுக்குச் சாட்சி. விடுதலைக்குப் பின் பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. 1960களில் மின்சாரப் பம்புசெட்டு பரவியதும், கிணறு வைத்திருந்தவர் ஏரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது.

நகரம் வந்தபின்

1920களில் மாம்பலம் நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியது பின்னாள் வழக்கத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. முகப்பேரில் ஒரு குடியிருப்பு இன்றும் ‘ஏரித் திட்டம்’ என்றே அழைக்கப்படுகிறது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்தன. அவர்களுக்கு வீடுகள் தேவைப்பட்டன. கழனிகள் மனைப்பிரிவுகளாயின. ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர்ப் பக்கமும் இதே மாற்றம் வந்தது. ஆயக்கட்டு மறைந்ததும் மதகைத் திறக்க ஆள் இல்லை. வரத்துக்கால்கள் கழிவுநீர்க் கால்வாய்களாயின. நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை படர்ந்தது. 2015, 2023 டிசம்பர் மழைகளில் இப்பகுதித் தெருக்களில் தேங்கிய நீர், போக வழியின்றி நின்ற நீரே.

மீட்பு

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 2017இல் குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பியது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மக்களே பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர்.

கரையில் நடைபாதை அமைப்பது நல்லதுதான். ஆனால் அதனால் மட்டும் ஏரி மீளாது. வரத்துக்காலும் கலங்கலும் திறந்திருக்க வேண்டும், கழிவுநீர் தனியே பிரிய வேண்டும். இன்று இந்த ஏரிகளின் ஆயக்கட்டு வயல் அல்ல, நிலத்தடி நீரை நம்பியிருக்கும் வீடுகள். ஏரிக்காக ஆண்டுதோறும் நிதியும் ஆளும் ஒதுக்கும் பொறுப்பை அந்த வீட்டுக்காரர்களும் உள்ளாட்சிகளும் ஏற்பதுதான் புதிய குடிமராமத்து. அது அமைந்த ஊரில் ஏரி பிழைக்கும்.