மான்செஸ்டர், 17 மே 1966: கூச்சல் போட்டவர்களின் கதை

"நீங்கதான் சார் ஹிஸ்டரி ஆளு, ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் கல்லூரியின் வரலாற்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, விடுதியில் நாங்கள் தேயத் தேயக் கேட்ட ஒரு கேசட்டைப் பற்றி.

என் அறை நண்பனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்து கொடுத்தது. அட்டையில் பேனாவால் 'பாப் டிலன், ராயல் ஆல்பர்ட் ஹால், லண்டன், 1966' என்று எழுதியிருக்கும். கச்சேரியின் கடைசிப் பாட்டுக்கு முன்னால், கூட்டத்திலிருந்து ஒருவன் "யூதாஸ்!" என்று கத்துவான். அந்த இடம் வரும்வரை காத்திருந்து நாங்களும் சேர்ந்து கத்துவோம். "இவ்வளவு நல்ல கச்சேரியில உக்காந்துகிட்டு ஊளையிடறான் பாரு, மடையன்" என்று ஒரே சிரிப்பு. இன்று எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

முதலில் ஒரு திருத்தம். அந்தக் கச்சேரி நடந்தது லண்டனிலேயே இல்லை. 1966 மே 17-ஆம் தேதி, மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேட் ஹாலில். திருட்டு இசைத்தட்டு போட்டவர்கள் தப்பாகப் பெயர் வைத்துவிட, உலகமே பல வருஷம் அதை நம்பியது. 1998-ல் நிறுவனமே முறையாக வெளியிட்டபோதும் அந்தத் தப்பான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள்! பொய்யே பழகிப்போனால் அதுவும் ஒரு முகவரியாகிவிடும் போலிருக்கிறது.

அரங்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1819-ல் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படையை ஏவிய 'பீட்டர்லூ' படுகொலை நடந்த இடத்தில் எழுந்த கட்டடம் அது. 1905-ல் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் பெண்களுக்கு வாக்கு கேட்டுக் குரல் எழுப்பி வெளியேற்றப்பட்டது அங்கேதான். கூட்டத்தில் எழுந்து கத்துவது அந்தக் கூரைக்குப் புதிதல்ல. மற்ற நாட்களில் அது ஹாலே இசைக்குழுவின் வீடு. வயலின்களுக்காகக் கட்டிய அறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிலன். 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் பாடியவர். ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அணுகுண்டு எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும், மாடி அறைகளில் நாட்டுப்பாடல் மன்றம் நடத்தியவர்களுக்கும் அவர் வெறும் பாடகர் இல்லை, 'நம்ம ஆளு'. 1965 மே மாதம் இதே அரங்கில் தனியாக வந்து பாடிவிட்டும் போனார். அதே வருஷம் ஜூலை 25-ஆம் தேதி நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்சாரக் கிதாரோடு மேடை ஏறினார். மூன்றே பாட்டு. ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் ஊளை. மூத்தவர் பீட் சீகர் கோடாரியால் ஒயரை வெட்டப் போனார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவரே பின்னாளில் சொன்னது வேறு: பாட்டின் வார்த்தை காதில் விழவில்லை, கோடாரி இருந்தால் ஒயரை வெட்டியிருப்பேன் என்றுதான் சொன்னாராம்.

அதற்குப் பிறகு டிலன் சேர்த்துக்கொண்ட குழு 'தி ஹாக்ஸ்'. நாலு பேர் கனடாக்காரர்கள், டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலம். மதுக்கடை மேடைகளில் புளூஸும் கன்ட்ரியும் ராக்கும் கலந்து வாசித்துப் புடம் போடப்பட்டவர்கள். பிற்காலத்தில் 'ரூட்ஸ் ராக்', அதாவது பழைய நாட்டு இசையின் வேரில் நிற்கும் ராக், என்று பெயர் பெற்ற பாணிக்கு இவர்கள்தான் முக்கியமான தகப்பன்மார். ஆனால் 1965-ல் இவர்கள் வாங்கிய சம்பளத்தில் பாதி வசவு! ஊர் ஊராகப் போய்த் திட்டு வாங்குவது வெறுத்துப்போய், நவம்பரில் ஹெல்ம் குழுவையே விட்டுப் போனார். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலி வேலை பார்த்தார். அவர் இடத்துக்கு மிக்கி ஜோன்ஸ் வந்தார்.

மான்செஸ்டரில் முதல் பாதி டிலன் தனியாக. ஏழு பாட்டு. ஒலிநாடாவைக் கேட்டால் ஒரு இருமல்கூடத் தெளிவாகக் கேட்கும், அவ்வளவு அமைதி. கோயிலில் உட்கார்ந்த மாதிரி. இடைவேளைக்குப் பிறகு ஐந்து பேரோடு வந்தார். டிரம்ஸ் அடி முதல் அடியிலேயே சுவரை உடைக்கிற மாதிரி இறங்கியது.

இரண்டு பாட்டுக்கு நடுவே, ஒரே தாளத்தில் மெதுவாகக் கைதட்டி வெறுப்பேற்றுகிறார்கள். அங்கே அது 'போதும், இறங்கு' என்பதற்கான வழக்கம். ஒரு பெண் நேரே மேடைக்கே போய் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறாள். கூட்டம் ஆரவாரிக்கிறது. குழுவை வீட்டுக்கு அனுப்பு என்று அதில் எழுதியிருந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். டிலனும் லேசுப்பட்டவரா? மைக்கில் அர்த்தமே இல்லாமல் ஏதோ முணுமுணுக்க ஆரம்பிக்கிறார். என்ன சொல்றார் என்று கேட்பதற்காகக் கைதட்டுவது தானாக ஓய்கிறது. நிசப்தமானதும், இவ்வளவு பலமாக மட்டும் தட்டாமலிருந்தால் என்று வாக்கியத்தை முடிக்கிறார். அரங்கம் சிரித்துவிடுகிறது. வகுப்பை அடக்கத் தெரியாத ஆசிரியர்கள் (நான் உட்பட) படித்துக்கொள்ள வேண்டிய வித்தை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் அந்த "யூதாஸ்!". முப்பது வெள்ளிக்காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்தவன். 'நீ விலைபோயிட்டே' என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் தட்டுகிறார்கள். உன்னை நம்பமாட்டேன், நீ பொய்யன் என்கிறார் டிலன். பின்னால் திரும்பி, ஒரு கெட்ட வார்த்தையோடு, சத்தமா வாசிங்க என்கிறார். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இடியாக இறங்குகிறது.

இங்கே எனக்கு ரொம்ப நாள் ஒரு சந்தேகம். அந்தப் பாட்டு 1965-லேயே இங்கிலாந்தில் பெரிய ஹிட். டிலன் மின்சாரத்துக்கு மாறியது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து ஏன் கத்த வேண்டும்?

கத்தியது நான்தான் என்று 1990-களின் கடைசியில் இரண்டு பேர் தனித்தனியாக முன்வந்தார்கள். எது நிஜம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அது முக்கியமில்லை, இருவரும் சொன்ன காரணம்தான் முக்கியம். ஒருவர், மின்சாரம் என்பதற்காகக் கோபப்படவில்லை என்றார். ஒலி படுமோசம், எல்லாம் குழம்பிக் கூழாகிவிட்டது, முதல் பாதியின் தீவிரம் போய் ஏனோதானோவென்று பாடியதாகப் பட்டது என்றார். மற்றவர், தான் உயிராக நேசித்த பழைய பாட்டுகளை அப்படி மாற்றிப் பாடியதும் உள்ளே ஏதோ பொங்கிவிட்டது என்றார்.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் விடுதியில் கேட்டது மேடை மைக்கிலிருந்து நேராகப் பதிவான, சுத்தமான ஒலி. அவர்கள் கேட்டது வயலின் அரங்கத்தில் ராக் ஒலிபெருக்கி கிளப்பிய எதிரொலி. வீட்டு ரெக்கார்டு பிளேயரில் சின்னதாகக் கேட்ட சத்தம் நெஞ்சில் வந்து மோதுகிறது. கேட்க வந்தது வார்த்தையை, அதுவே காணோம். எந்தக் கச்சேரிக்கு அவர்கள் ஊளையிட்டார்களோ அந்தக் கச்சேரியை நாங்கள் கேட்கவே இல்லை. நாங்கள் மடையன் என்றோமே, அவன் காது எங்கள் காதைவிட மோசமில்லை.

இன்னொன்றும் உண்டு. அக்கறை இல்லாதவன் பாதியில் எழுந்து பஸ் பிடிக்கப் போயிருப்பான். இவர்கள் இருந்து கத்தினார்கள். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. இருபது வயதில் நம் குரலாக ஒருவனை வரித்துக்கொண்டபின், அவன் நம்மைக் கேட்காமல் மாறுவதை நம்மால் தாங்க முடிவதில்லை. அவன் மாறத்தான் வேண்டும் என்பதும் உண்மை. அன்று மாறாமல் இருந்திருந்தால் அந்த நாடா இல்லை, நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மிச்சக் கதை சுருக்கம்தான். ஜூலை மாத மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் எட்டு வருஷத்துக்கு டிலன் ஊர் ஊராகப் போகவில்லை. ஹாக்ஸ் குழு, திரும்பி வந்த ஹெல்மோடு 'தி பேண்ட்' ஆகி, 1968-ல் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' தந்தது. 1974-ல் டிலனும் அவர்களும் மறுபடி சேர்ந்து அமெரிக்கா முழுக்கப் போனார்கள். அதே மின்சாரம், அதே சத்தம். இம்முறை கூட்டம் தீக்குச்சியும் லைட்டரும் ஏற்றிப் பிடித்து வரவேற்றது. அந்த ஐவரில் கடைசியாக எஞ்சியிருந்த கார்த் ஹட்சனும் 2025 ஜனவரியில் காலமானார். ஃப்ரீ டிரேட் ஹால் இப்போது ஓட்டல்.

எங்கள் கேசட் எப்போதோ அறுந்துபோயிற்று. சி.டி. வைத்திருக்கிறேன். சந்திப்பின் முதல் நாள் மாலை, டீக்குப் பிறகு, பழைய விடுதிப் பொது அறையில் போடுவதாக உத்தேசம். மாணவர்களும் வரலாம். பிடிக்காவிட்டால் கத்தலாம், பாதியில் மட்டும் போயிடாதீங்க.